கடற்குதிரைக்குப் பெரிய தொட்டி: 110 லிட்டரில் இருந்து 430 லிட்டருக்குப் போகலாமா?

நெய்தல் | ஸ்கார்பரோ

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் எரெக்டஸ் என்ற இனத்துக் கடற்குதிரை ஒரு சோடி 110 லிட்டர் தொட்டியில் இருக்கு. கடலில் பிடித்தவை இல்லை, பண்ணையில் பிறந்தவை. உறைந்த மைசிஸ் (பொடி இறால் மாதிரி ஒரு தீனி) தின்னப் பழகித்தான் வந்தன. இரண்டும் சுகமாகத்தான் இருக்கின்றன, கரைச்சல் தண்ணீரோடுதான். கொஞ்சம் கூடத் தீனி விழுந்தால் மற்ற நாளே தண்ணீரில் கழிவால் வரும் நைட்ரேட் ஏறிவிடும், கண்ணாடியில் பழுப்புப் பாசி படியும். தண்ணீர் மாற்றுவதே ஒரு வேலையாகப் போய்விட்டது.

பேஸ்மென்டில் ஒரு சுவர் முழுக்க வெறுமையாகக் கிடக்கிறது. பாவித்த தொட்டி ஒன்று விலைக்கு வந்திருக்கு: நீளம் 120, அகலம் 60, உயரம் 60 செ.மீ. ஸ்டாண்டும் சம்பும் (தண்ணீரைச் சுத்தம் செய்யும் கீழ்த்தொட்டி) சேர்த்துத் தருகிறார்கள். வாங்கலாமா? உயரம் போதுமா, அல்லது நீளத்தைக் குறைத்து 75 உயரத்தில் ஒன்று செய்விக்க வேணுமா? எத்தனை குதிரை விடலாம்? தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கட்டாயமா? கோடையிலும் பேஸ்மென்ட் 24 டிகிரியைத் தாண்டாது. கடைசியாக ஒன்று, சின்னவளுக்குக் கோமாளி மீனும் அது ஒட்டி வாழும் அனிமோனும் (கடல் சாமந்தி) வேணுமாம். ஒரு மூலையில் வைத்தால் என்ன?

பாறைமீன் | லண்டன்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். கடற்குதிரைக்கு வால் சுற்ற ஏதாவது கிடைத்தால் போதும், அது அனிமோனா கம்பியா என்று பார்க்காது. அனிமோன் கொட்டிய இடம் புண்ணாகும், புண்ணில் பாக்டீரியா ஏறும், அப்புறம் அந்த வாலைக் காப்பாற்றுவது பெரும்பாடு. கோமாளி மீன் வேறொரு தொல்லை. தீனி விழுந்த நொடியில் பாய்ந்து தின்றுவிடும். நம்ம ஆள் அப்படியா? மைசிஸ் ஒன்று எதிரே மிதந்து வந்தால் முதலில் ஒரு கண்ணை அதன்மேல் திருப்பும். இன்னொரு கண் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு இரண்டு கண்ணும் ஒரு பக்கம் வரும், கழுத்தை மடக்கும், மூக்கை அரை செ.மீ. தூரத்துக்குக் கொண்டுபோகும். அங்கே நின்று யோசிக்கும். சில சமயம் வேண்டாமென்று திரும்பியும் விடும். வேண்டுமென்றால்தான் ‘டிக்’ என்று ஒரு சத்தம், மைசிஸ் காணாமல் போயிருக்கும். இந்த நிதானத்துக்கு முன்னால் கோமாளி மீனை விட்டால் குதிரை பட்டினிதான். பாப்பாவுக்குத் தனியாக ஒரு சின்னத் தொட்டி வைத்துக் கொடுங்கள், நெய்தல்.

உயரம் 60 போதும். வளர்ந்த எரெக்டஸ் நிமிர்ந்தால் 15 செ.மீ. சொச்சம், நன்றாக வளர்ந்தால் 18, 19 வரும். அதன் உயரத்தைப் போல் மூன்று மடங்கு தண்ணீர் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. இது வெறும் வசதிக்காக இல்லை. சோடி சேரும்போது இரண்டும் வயிற்றோடு வயிறு ஒட்டி மேலே எழும்பும், அப்போதுதான் பெண் முட்டையை ஆணின் பைக்குள் இறக்கும். ஆழம் போதாவிட்டால் நடுவில் தரை தட்டி முட்டை வெளியே கொட்டும். மணல், மேல்விளிம்பு இடைவெளி எல்லாம் கழித்தாலும் உங்களுக்கு 50 செ.மீ.க்கு மேல் தண்ணீர் நிற்கும். 75 உயரத்தில் செய்தால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அடியில் விழுந்த ஒரு நத்தையை எடுக்கத் தோள்வரை நனைய வேண்டும். தினமும் கை விட்டுச் சுத்தம் செய்கிற தொட்டி இது.

எத்தனை விடலாம் என்றால், முதல் சோடிக்கு 110 லிட்டர், அடுத்த ஒவ்வொரு சோடிக்கும் 55 லிட்டர் என்று வளர்ப்பவர்கள் சொல்வார்கள். அந்தக் கணக்கில் உங்களுக்கு ஆறு சோடி வரும். நான் மூன்றோடு நிறுத்துவேன். பெரிய தொட்டி வாங்குவதே அழுக்கைக் கரைக்கத்தான், கூட்டம் சேர்க்க இல்லை.

சில்லர் பற்றி இரவு எழுதுகிறேன், வேலைக்கு நேரமாகிவிட்டது.

உப்புக்காற்று | சிங்கப்பூர்

அதை நான் எழுதுகிறேன், என் மின்சாரக் கட்டணமே சாட்சி. நெய்தல், அறை 24 டிகிரி என்றால் தண்ணீரும் 24 என்று நினைக்காதீர்கள். சம்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப், அழுக்கை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரின் பம்ப், விளக்கு எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று டிகிரி ஏற்றிவிடும். மேலே மூடியும் போட்டால் கேட்கவே வேண்டாம்.

பவளத்தொட்டிக்கு 26 நல்ல வெப்பநிலை. கடற்குதிரைக்கு இல்லை. எரெக்டஸுக்கு 20 முதல் 23 வரை வைக்கச் சொல்வார்கள். 26இல் அது வாழாது என்று அர்த்தமில்லை, கரீபியன் பக்கம் அதைவிடச் சூடான தண்ணீரில் இருக்கிறது. ஆனால் கடலில் கழிவு அடித்துக்கொண்டு போய்விடும். தொட்டியில் அதே தண்ணீர், அதே கழிவு, அதில் விப்ரியோ என்ற நோய்க்கிருமி. சூடு கூடக்கூட விப்ரியோ வேகமாகப் பெருகும். மூக்கு நுனி வெளுப்பது, வால் நுனி தோல் உரிவது எல்லாம் பெரும்பாலும் அப்படித் தொடங்குவதுதான். குளிர்ந்த தண்ணீரில் அது ஒன்றும் செத்துப்போவதில்லை, மெதுவாகிறது. மீனின் எதிர்ப்புச் சக்திக்கு அவகாசம் கிடைக்கிறது.

அதனால் சில்லர் வாங்குங்கள். அதைத் தொட்டி ஸ்டாண்டுக்குள் மட்டும் அடைத்து வைக்க வேண்டாம். தண்ணீரில் இருந்து எடுத்த சூட்டை அது அங்கேயே கக்கும், பெட்டிக்குள் சுற்றிச் சுற்றி அதே சூடு. சுவருக்கு அந்தப் பக்கம் குழாய் கொண்டுபோக முடிந்தால் உத்தமம்.

நெய்தல் | ஸ்கார்பரோ

நன்றி அண்ணா. சுவருக்குப் பின்னால் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் அறை இருக்கு. அங்கே வைக்கலாமா?

உப்புக்காற்று | சிங்கப்பூர்

கோடையில் ஃபர்னஸ் ஓடாது, சில்லர் ஓடும். குளிர்காலத்தில் ஃபர்னஸ் ஓடும், சில்லர் ஓடாது. காற்றோட்டம் இருந்தால் தாராளமாக வையுங்கள்.

கடற்புல் | சிட்னி

எல்லாரும் பெரிய தொட்டிக்கே ஓட்டுப் போடுகிறீர்கள், நான் கொஞ்சம் குறுக்கே நிற்கிறேன்.

கடற்குதிரைக்கு இரைப்பை கிடையாது, பல்லும் கிடையாது. உறிஞ்சியது குடல் வழியே போய்க்கொண்டே இருக்கும், பாதி செரித்தும் செரிக்காமலும் வெளியே வரும். நாளைக்கு இரண்டு மூன்று முறை தீனி வைப்பதும், உங்கள் நைட்ரேட் ஏறுவதும் இதனால்தான். சரி, இப்போது 430 லிட்டரில் இரண்டு குதிரையை விட்டு ஒரு கட்டி மைசிஸைக் கரைத்து ஊற்றுகிறீர்கள் என்று வைப்போம். ஓட்டத்தில் அது தொட்டி முழுக்கப் பரவும், குதிரை கண்ணுக்கு எட்டியது நாலோ ஐந்தோ. மிச்சம் பாறை இடுக்கில் போய் அழுகும். எது தின்றது, எது தின்னவில்லை என்று உங்களுக்கும் தெரியாது. நோய் வந்த குதிரை முதலில் காட்டும் அறிகுறி தீனி மறுப்பதுதான். பெரிய தொட்டியில் அந்த முதல் நாளைத் தவறவிடுவீர்கள்.

என்னிடம் இருப்பவை இங்கத்துப் பானைவயிற்றுக் குதிரைகள், அப்டோமினாலிஸ். 35 செ.மீ. வரை வளரும் இனம், தண்ணீர் 18 டிகிரியில் வைத்திருக்கிறேன். அவற்றுக்கே என் காட்சித் தொட்டி 300 லிட்டர்தான். மிச்சக் கொள்ளளவெல்லாம் கீழே சம்பில். தண்ணீர் அளவு கூடினால் அழுக்கு கரையும் என்பது சரி, அந்தத் தண்ணீர் எல்லாம் குதிரை நீந்துகிற கண்ணாடிக்குள்ளேயே இருக்க வேண்டியதில்லை.

பாறைமீன் | லண்டன்

கடற்புல் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதிக்குத் தீர்வு தீனித்தட்டு. ஒரு கண்ணாடிக் கிண்ணமோ பெரிய சிப்பி ஓடோ போதும், ஓட்டம் குறைந்த மூலையில் வைத்து, பக்கத்தில் வால் சுற்ற இரண்டு கொம்பு நட்டுவிட வேண்டும். அக்ரிலிக் குழாய் வழியாக மைசிஸை நேரே கிண்ணத்தில் இறக்கலாம். பழகிய குதிரைகள் குழாயைக் கண்டதும் வந்து நிற்கும். எண்ணிப் பார்க்கவும் வசதி. அரை மணி நேரத்தில் மிச்சத்தை அதே குழாயால் உறிஞ்சி எடுத்துவிடலாம்.

அதனால் தொட்டி அளவு பிரச்சினையே இல்லை என்பது என் கட்சி.

கடற்புல் | சிட்னி

பழகிய குதிரைக்குச் சரி. புதிதாக வந்தது கிண்ணத்தைக் கண்டுபிடிக்கும் வரை?

பாறைமீன் | லண்டன்

தனித்தொட்டியில் வைத்துப் பழக்கிவிட்டுத்தான் விட வேண்டும். எப்படியும் புதியதை ஆறு வாரம் தனியே வைக்கத்தானே போகிறோம்.

மணல்மேடு | சென்னை

சார், இடையில் ஒரு கேள்வி. எனக்குச் சொந்த ஊர் தொண்டி பக்கம். வலையில் கடற்குதிரை வருவதுண்டு, சிலது உயிரோடவே இருக்கும். ஒரு ஜோடி எடுத்துவந்து இங்கே தொட்டி வைக்கலாமா? கடல்தண்ணீருக்கும் பஞ்சமில்லை.

பாறைமீன் | லண்டன்

வைக்கக் கூடாது. இந்தியாவில் 2001இல் கடற்குதிரையையும் அதன் குடும்பத்துக் குழல்மீன்களையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். பிடிப்பது, வைத்திருப்பது, விற்பது எல்லாமே குற்றம், சிறை வரை போகும். உயிரோடு வந்தால் அங்கேயே கடலில் விட்டுவிடச் சொல்லுங்கள்.

உப்புக்காற்று | சிங்கப்பூர்

வலையில் சிக்கியதில் பாதி எப்படியும் சாகத்தானே போகிறது? தொட்டியில் வைத்தால் ஒன்றாவது பிழைக்குமே. சட்டத்தைக் குறை சொல்லவில்லை, கேட்கிறேன்.

மணல்மேடு | சென்னை

அதைத்தான் ஊரில் எல்லாரும் சொல்வார்கள் சார். ஆனால் விஷயம் அப்படி நிற்காது என்று எனக்கே தெரியும். காய்ந்த குதிரைக்குச் சீன மருந்துக் கடைகளில் விலை உண்டு, அதனால் எங்கள் பக்கம் கடல் அட்டையோடு சேர்த்து அதுவும் கடத்தலில் பிடிபட்டுக்கொண்டே இருக்கிறது. ‘வலையில் தானா வந்தது’ என்ற பேச்சுக்குக் கதவு திறந்தால் தானா வராததும் அந்த வழியாகத்தான் போகும். சரி, எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. கடற்குதிரை வேண்டாம், வேறு மீன் பார்க்கிறேன். ஆனால் இந்த இழையைப் படிப்பதை விடமாட்டேன்.

கடற்புல் | சிட்னி

மணல்மேடு, இன்னொன்றும் உண்டு. கடலில் பிடித்தது உயிருள்ள இரையை மட்டுமே தேடும். உறைந்த தீனிக்குப் பழக்குவது பெரிய பாடு, பல குதிரைகள் பழகுவதற்குள் மெலிந்து செத்துவிடும். சட்டம் அனுமதிக்கிற ஊரிலும் பண்ணைக் குதிரை வாங்கச் சொல்வது அதனால்தான். 2004 முதல் எல்லாக் கடற்குதிரை இனமும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. நாடு விட்டு நாடு வந்த குதிரை என்றால் அனுமதிக் காகிதம் எங்கே என்று விற்பவரிடம் கேளுங்கள்.

இங்கே சிட்னியில் நடப்பது உங்களுக்குப் பிடிக்கும். எங்கள் துறைமுகத்தில் வாழும் வைட்டி என்ற இனம் அருகிப்போயிற்று. ஆய்வாளர்கள் இரும்புக் கம்பியில் கூண்டு செய்து கடலடியில் போடுகிறார்கள், அதன் பெயரே கடற்குதிரை ஹோட்டல். பாசியும் கடற்பஞ்சும் படர்ந்து கொஞ்ச காலத்தில் கம்பி மறைந்துவிடும், குதிரைகள் வந்து தொங்கும். 2020இல் தொட்டியில் வளர்த்த குஞ்சுகளை அதில் கொண்டுபோய் விட்டார்கள்.

நெய்தல் | ஸ்கார்பரோ

எங்கட களப்பிலும் கடற்புல்லுக்குள்ளே குதிரை இருக்கும் என்று அப்பா சொல்லுவார். சரி, விஷயத்துக்கு வருகிறேன். இப்போதைய தொட்டியில் பாறையிலும் பின்கண்ணாடியிலும் மெல்லிய வெள்ளை நூல் மாதிரி ஒன்று பரவுகிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு நூலின் நுனியிலும் குட்டிக் கைகள். ஹைட்ராய்டு (அனிமோனுக்கு உறவான குட்டிப் பிராணி) என்று நினைக்கிறேன். இந்தப் பாறையைப் பெரிய தொட்டிக்கு எடுத்துக்கொண்டு போகலாமா? கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா எல்லாம் அதில்தானே இருக்கு.

பாறைமீன் | லண்டன்

ஹைட்ராய்டேதான். அதுவும் கொட்டும் இனம். பெரிய குதிரையை உடனே கொல்லாது, உரசிய இடத்தில் தோலைக் கெடுக்கும். குஞ்சுகள் இருந்தால் ஒன்றும் மிஞ்சாது. நாம் போடும் ஆர்டீமியா என்ற பொடி உப்புநீர் இறாலைத் தின்றே அது பெருகுகிறது, அதனால் கடற்குதிரைத் தொட்டிகளில் சகஜம்.

அந்தப் பாறையைப் புதியதில் போடாதீர்கள். நாய்க்குக் குடற்புழுவுக்குக் கொடுக்கும் ஃபென்பெண்டசோல் மருந்து ஹைட்ராய்டைக் கொல்லும், ஆனால் சில நத்தைகளையும் குழாய்ப்புழுக்களையும் சேர்த்துக் கொல்லும். பாறைக்குள் ஊறி வெகுநாள் நிற்கவும் செய்யும். இருக்கிற தொட்டியைக் காப்பாற்ற அது சரி. புதிதாகத் தொடங்குபவருக்கு எதற்கு அந்த வம்பு? காய்ந்த பாறை வாங்குங்கள், அம்மோனியா போட்டு நைட்ரஜன் சுழற்சியைத் தொடங்குங்கள், அதாவது கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா வளர விடுங்கள். நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தில் நின்ற பிறகும் கொஞ்சம் பொறுங்கள். காய்ந்த பாறையில் தொடங்கினால் மாண்டிஸ் இறாலும் நண்டும் திருட்டுத்தனமாக வந்து சேராது என்பது இன்னொரு லாபம்.

பாறையைச் சுவர் போல அடுக்க வேண்டாம். இரண்டு தனித் தூண் போதும், நடுவில் திறந்த மணல். வால் சுற்றக் கார்கோனியன் (கிளைவிடும் மென்பவளம்), காலெர்பா பாசி, இல்லையென்றால் செயற்கைப் பவளக் கிளை. விரல் கனம் உள்ள கிளையைவிட பென்சில் கனம்தான் அவற்றுக்குப் பிடிக்கிறது.

உப்புக்காற்று | சிங்கப்பூர்

ஓட்டம் பற்றி யாரும் சொல்லவில்லையே. கடற்குதிரை பலவீனமானது, தண்ணீர் அசையவே கூடாது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அப்படி வைத்தால் மூலைகளில் கழிவு தேங்கி அழுகும். ஓட்டம் வேண்டும், ஒரே இடத்தில் பீய்ச்சி அடிக்கக் கூடாது. ரிட்டர்னைத் துளையிட்ட குழாய் வழியாகப் பின்சுவர் நீளத்துக்குப் பிரித்து விடுங்கள், ஒரு மூலையை மட்டும் அமைதியாக விடுங்கள். குதிரை தனக்குப் பிடித்த இடத்தைத் தானே தேர்ந்துகொள்ளும்.

அலை எழுப்பும் வேவ்மேக்கர் பம்ப் போடுவதானால் வலை உறை போட்டுத்தான். வால் உள்ளே போய்விடும். தண்ணீர் சம்புக்கு வழியும் ஓவர்ஃப்ளோவின் பல்லிலும் அதே ஆபத்து, அங்கேயும் வலை.

ஸ்கிம்மரைத் தொட்டி அளவுக்கு இரு மடங்குக்கு உரியதாக வாங்குங்கள். காசைக் குறைக்க வேண்டுமானால் விளக்கில் குறைக்கலாம், இங்கே வேண்டாம்.

கடற்புல் | சிட்னி

ஸ்கிம்மர், ரிட்டர்ன் எதிலிருந்தும் பொடிக் குமிழி காட்சித் தொட்டிக்குள் வரக் கூடாது. சம்பில் தடுப்புகள் வைத்துக் குமிழியை மேலே வரவிட்டு, பிறகு பம்புக்கு அனுப்புங்கள். கடற்குதிரைக்கு வாயுக் குமிழி நோய் வரும். தோலுக்கடியில் குமிழி, ஆணின் பைக்குள் காற்று, வால் மேலே தலை கீழே என்று மிதக்கும். அது வந்தால் அசிட்டசோலமைட் மருந்து வேண்டும், அதற்குக் கால்நடை மருத்துவர் சீட்டு வேண்டும். மீனைப் பார்க்கிற மருத்துவரை இப்போதே தேடி வைத்துக்கொள்ளுங்கள், ஞாயிற்றுக்கிழமை இரவு தேட முடியாது.

உங்கள் டொராண்டோ குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லக் குளோராமின் போடுகிறார்கள், அதைச் சாதாரணக் கரி வடிகட்டி முழுதாகப் பிடிக்காது. ஆர்.ஓ. கருவி வாங்கும்போது குளோராமினுக்கு உரிய கரி இருக்கிறதா என்று பாருங்கள்.

நெய்தல் | ஸ்கார்பரோ

மெத்தப் பெரிய உபகாரம் எல்லாருக்கும். ஆண் குதிரையின் பை இப்போது நல்லா ஊதித் தெரியுது. குஞ்சு வந்தால்?

பாறைமீன் | லண்டன்

வாழ்த்துகள். சில நூறு வரும். எரெக்டஸ் குஞ்சு ஏறத்தாழ ஒரு செ.மீ. நீளத்தில் பிறக்கும், அன்றே புதிதாகப் பொரித்த ஆர்டீமியா தின்னும், அந்த வகையில் ரெய்டி என்ற இனத்தைவிட எளிது. ஆனால் தினமும் ஆர்டீமியா பொரித்து, அடுத்த நாள் அதற்குச் சத்தேற்றி, நாளுக்குப் பலமுறை போட்டு, அடியைச் சுத்தம் செய்து... விடுமுறை போட முடியாத வேலை. பெரிய தொட்டி அமைக்கிற காலத்தில் இதையும் சேர்க்காதீர்கள். ஆசையிருந்தால் இருபது குஞ்சை மட்டும் வட்டக் கிண்ணத் தொட்டியில் எடுத்து வளர்த்துப் பாருங்கள்.

உப்புக்காற்று | சிங்கப்பூர்

பெரிய குதிரைகளின் தீனி கனடாவின் ஒகனகன் ஏரி மைசிஸாக இருந்தால் பார்த்துப் போடுங்கள். சத்து அதிகம், ஆனால் சில பெரிய அளவில் இருக்கும், சிறிய வாய்க்கு ஆகாது. 1966இல் கோகனி மீனுக்குத் தீனியாகட்டும் என்று அந்த ஏரியில் விட்ட இறால், கடைசியில் கோகனியோடேயே இரைக்குப் போட்டி போட்டதாம். இப்போது அதைப் பிடித்து உலகம் முழுக்க விற்கிறார்கள். உங்கள் நாட்டுச் சரக்குதான்.

நெய்தல் | ஸ்கார்பரோ

முடிவு இப்படி. தொட்டியை வாங்குகிறேன். கூடவே தரும் சம்ப் சின்னது, அதை விட்டுவிட்டு ஃபர்னஸ் அறையில் 150 லிட்டரில் வேறொன்று, பக்கத்திலேயே சில்லர். 22 டிகிரி. காய்ந்த பாறை இரண்டு தூண். சுழற்சி முடிந்ததும் இப்போதைய சோடி மட்டும். ஆறு மாதம் பார்த்துவிட்டு, அதே பண்ணையில் இருந்து இன்னொரு சோடி. கடற்புல் அக்கா சொன்னதற்காக ஒரு மூலையைத் தீனிக்கு ஒதுக்கி, அங்கே ஓட்டம் படாமல் வைக்கிறேன். கோமாளி மீனுக்கு 40 லிட்டர் தொட்டி மேலே பிள்ளையின் அறையில்.

கடற்புல் | சிட்னி

ஒரே பண்ணை என்பது நல்ல முடிவு. இரண்டு பண்ணைக் குதிரைகளைக் கலந்தால் ஒன்றுக்குப் பழகிய கிருமி மற்றதுக்கு நோயாகும். ஆனால் 22இல் தொடங்கும் முன் இப்போதைய தொட்டி எத்தனையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 25 என்றால் முதலில் அங்கேயே நாளுக்கு ஒரு டிகிரியாக இறக்குங்கள்.

பாறைமீன் | லண்டன்

பாவித்த தொட்டி என்பதால் இரண்டு விஷயம். கராஜில் மட்டமான தரையில் வைத்து, நிரப்பி, இரண்டு நாள் விடுங்கள். சிலிக்கான் மூலையில் விரலை ஓட்டிப் பாருங்கள், ஈரம் தட்டினால் வாங்காதீர்கள். நிரம்பினால் தண்ணீர், பாறை, கண்ணாடி எல்லாம் சேர்த்து அறுநூறு கிலோ பக்கம் வரும். பேஸ்மென்ட் கான்கிரீட் தாங்கும், ஸ்டாண்டின் கால்தான் சந்தேகம். அப்புறம், முன்னாடி வைத்திருந்தவர் செம்பு மருந்து போட்டாரா என்று கேளுங்கள். போட்டிருந்தால் நத்தையும் இறாலும் அதில் தங்காது.

நெய்தல் | ஸ்கார்பரோ

கேட்டேன். செம்பு போட்டதே இல்லையாம், நன்னீர் மீன் மட்டும் வைத்திருந்தாராம். சனிக்கிழமை போய்ப் பார்க்கிறேன். மட்டக்கோல் கொண்டு போறன்.